பன்னிரண்டும் பச்சை

இணையக் கேபிளை ஒரே இழுப்பில் பிடுங்கினாள் அவள்.

"ஐயையோ!" என்று நாற்காலியிலிருந்து துள்ளினார் பொட்டலம். "சோதனை பாதியில ஓடிட்டிருக்கும்மா!"

"ஓடட்டும் சார். அதுக்குத்தான் புடுங்கினேன்."

மணி மூன்று இருபது. சரியாக நான்கு மணிக்கு அந்தச் சின்ன நிறுவனம் தன் புதிய லினக்ஸ் இயங்குதளத்தை வெளியிட வேண்டும். ஊரில் ஓடும் அத்தனை ஆம்புலன்ஸ்களின் வழிகாட்டும் கணினிகளும் அதற்காகக் காத்திருந்தன. அதில் சேர வேண்டிய கடைசிச் சரக்கு ஒரு குட்டி லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு. முகவரியைக் கொடுத்தால் இணையத்தில் விசாரித்து, வரைபடத்தில் இடத்தைக் காட்டும். 'மின்மினி' என்ற புனைபெயரில் யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திறமூலமாகப் போட்டு வைத்திருந்தது.

அதை உள்ளே விடலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. அவளைத் தாண்டி ஒரு வரிகூட நுழையாது என்பதால் ஆபீசில் அவளுக்குப் பெயர் சுங்கச்சாவடி. எல்லாவற்றையும் மூட்டை கட்டி அனுப்புகிறவர் பொட்டலம். இருவரையும் கட்டி மேய்க்கிறவன் 'தலை'. மற்றவர்களுக்குத்தான் தலை, அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

திரையில் பச்சை விளக்குகள் வரிசையாக விழுந்தன. எட்டு... பத்து... பன்னிரண்டு. பன்னிரண்டு சோதனையும் பாஸ்.

"அப்பாடா!" பொட்டலம் நெஞ்சில் கை வைத்தார். "கேபிளைப் புடுங்கியும் பாஸாயிடுச்சு பாரு. கில்லாடி லைப்ரரி!"

"ஃபெயிலாகியிருக்கணும் சார். இணையமே இல்லாம யாரைப் போய் விசாரிச்சுது?"

நெஞ்சில் வைத்த கை அப்படியே நின்றது.

அவள் கேபிளைச் செருகி, ஆபீஸ் முகவரியை அடித்தாள். சரியாகக் காட்டியது. மறுபடி பிடுங்கி, ரயில் நிலையத்தைக் கேட்டாள். ஆபீஸையே காட்டியது. பெரிய ஆஸ்பத்திரியைக் கேட்டாள். கொஞ்சமும் கூச்சமில்லாமல் மறுபடியும் ஆபீஸ்! பதில் கிடைக்காதபோது 'தெரியாது' என்று சொல்லாமல், கடைசியாகச் சொன்ன பதிலையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. மின்மினியே எழுதி லைப்ரரியோடு வைத்திருந்த அந்தப் பன்னிரண்டு சோதனைகளும் 'பதில் வந்ததா' என்றுதான் கேட்டன. 'சரியான பதிலா' என்று கேட்க ஒன்றுக்கும் தோன்றவில்லை.

மதியம் அந்தச் சோதனைகளைப் படித்தபோது, ஏழாவதில் ஒரு வரி அவளை நிறுத்தியிருந்தது. அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, நாலாக மடித்து, டீ டம்ளருக்கு அடியில் வைத்திருந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

கதவு படாரென்று திறந்தது. கையில் போனோடு அண்ணன்.

"கையெழுத்து ஆச்சா?"

"ஆகாது."

"'இன்னும் ஆகல'ன்னு சொல்லு."

"ஆகாதுண்ணே."

திரையைத் திருப்பி அவனிடம் செய்து காட்டினாள். ரயில் நிலையம், ஆஸ்பத்திரி, ஆபீஸ், ஆபீஸ். அவன் காது மடல் சிவந்தது.

"இதெல்லாம் ஒரு விஷயமா? அடுத்த பதிப்புல சரி பண்ணிடுவான். ரெண்டு வருஷம் ராப்பகலா உழைச்சிருக்கான் அந்த மனுஷன்."

"ரெண்டு வருஷமா? இதை இணையத்துல போட்டே ரெண்டு மாசம்தானே ஆகுது?"

"ஏதோ... ஒரு கணக்குக்குச் சொன்னேன்." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"சிக்னல் இல்லாத சந்துக்குள்ள வண்டி நுழையுது. இது முந்தின நோயாளி வீட்டைக் காட்டும். டிரைவர் நம்பிப் போவார். ஏழு வயசுல தொலைஞ்சு போனியே, ஞாபகம் இருக்கா? வீட்டு நம்பரைத் திருப்பிப் போட்டுச் சொன்னே. போலீஸ்காரர் யார் வீட்டுலயோ கொண்டுபோய் விட்டார். அம்மா தெருத்தெருவா அலையறாங்க, நீ அங்க ஜம்முனு கேரம் ஆடிட்டிருக்கே!"

பொட்டலத்துக்குச் சிரிப்பு பீறிட்டது. இருமலாக மாற்றிச் சமாளித்தார்.

"உனக்கு அன்னிக்கு நல்லாத்தான் பொழுது போச்சு. மூச்சு முட்டிக் கிடக்கிறவனுக்கு ஏதுண்ணே அந்த அரை நாள்?"

"பழங்கதையை இழுக்காதே! போடுறியா, இல்ல நாளையிலேருந்து அந்த நாற்காலிக்கு வேற ஆள் பார்க்கட்டுமா?"

"பார்த்துக்கோ. இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் இது என் நாற்காலி."

அண்ணன் மறுபக்கம் திரும்பினான். "பொட்டலம், இவ இல்லாம அனுப்புங்க."

"அனுப்பலாம் தலை. ஆனா தங்கச்சி கையெழுத்து விழாம மூட்டையோட வாயே கட்ட முடியாதே. நீங்க வெச்ச விதிதான்."

"என் விதியை எனக்கே சொல்றீங்களா?"

"வேற யார்கிட்ட சொல்ல?"

அதற்குள் அவள் விரல்கள் தட்டத் தொடங்கியிருந்தன. மறுப்புக் குறிப்பு. பொதுப் பட்டியலில் விழுந்தால் உலகமே படிக்கலாம். அண்ணனால்கூட அழிக்க முடியாது. அவன் இரண்டே எட்டில் மேசைக்குப் பாய்ந்தான். அவள் சுண்டுவிரலால் அனுப்பிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவன் குனிந்து படித்தான்.

'சேர்க்கப்படவில்லை. காரணம் ஒன்று: பதில் தெரியாதபோது பொய் சொல்கிறது. காரணம் இரண்டு: எழுதியவர், சோதித்தவருக்கு நெருங்கிய உறவு.'

"என்ன உளர்றே? யாருக்கு யார் உறவு?" குரலில் முன்பிருந்த சத்தம் இல்லை.

"சொந்தக்காரங்க எழுதினதை உள்ள விடத்தான் நான் கையெழுத்துப் போடக் கூடாது. அதுவும் உன் விதிதான். வெளியே நிறுத்தறதுக்கு யாரும் தடை போடல."

டம்ளரை நகர்த்தி, காகிதத்தைப் பிரித்து அவன் முன்னால் வைத்தாள். தண்ணீர்த் தொட்டித் தெரு, கதவு எண் 41.

பொட்டலம் சத்தமில்லாமல் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஏழாவது சோதனையில இருக்கிற முகவரி. நாம பொறந்து வளர்ந்த வீடு பதினாலுண்ணே. அதை நாப்பத்தொண்ணுன்னு சொல்ற ஆளு இந்த உலகத்துலயே ஒருத்தன்தான்."