அம்சம் வீட்டு சிலோன் டிவி

"எடுங்கண்ணே அந்தச் செங்கல்லை! இன்னும் ஒரு வரிசை ஏறுச்சு, அப்புறம் இந்த அம்சத்தை வேற மாதிரி பார்ப்பீங்க!"

"ஏம்மா, என் மனையில நான் மாடி கட்டுறேன். பஞ்சாயத்து ஆபீஸ்ல பிளான் காட்டிக் கையெழுத்து வாங்கியாச்சு. உன்கிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கணுமோ?"

"பஞ்சாயத்து ஆபீஸ்ல இருக்கவனா சிலோன் டிவி பார்க்குறான்? பார்க்குறவ நானு! என்கிட்டதான் கேக்கணும்!"

சாரத்தின் மேல் நின்றிருந்த குழந்தைராஜுக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. பதினெட்டு வருஷம் குவைத்தில் கொத்தனார் வேலை பார்த்துத் திரும்பியவர். டிவி தெரியாது என்பதற்காகச் சுவரை நிறுத்தச் சொன்ன ஆளை இப்போதுதான் பார்க்கிறார். கீழே அம்சம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். தெருவில் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மீதிப் பேர் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டார்கள்; அம்சத்தின் தொண்டைக்கு ஜன்னலே அதிகம்.

விஷயம் இதுதான். மணல்கட்டளை, திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வயல் முடிந்து உப்பங்காத்து ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். அங்கே கோபுரத்திலிருந்து விடுகிற டிவி, கடலைத் தாண்டி, மூச்சு வாங்கிக்கொண்டு மணல்கட்டளை வரைக்கும் வரும். ஒரு காலத்தில் கூரைக்குக் கூரை மீன்முள் மாதிரி ஆன்டெனா நின்றது. பிறகு கேபிள் வந்தது, டிஷ் வந்தது, கடைசியில் கஜா புயல் வந்து மிச்சமிருந்த ஆன்டெனாக்களையும் வாரிக்கொண்டு போயிற்று. அம்சம் மட்டும் விடவில்லை. புயல் ஓய்ந்த மூன்றாம் நாள், தென்னை மரம் எத்தனை விழுந்தது என்று ஊரே எண்ணிக்கொண்டிருக்கையில், அவள் வயலுக்குள் இறங்கித் தன் ஆன்டெனாவைத் தேடிப் பிடித்தாள். வளைந்த கம்பிகளை அம்மிக்கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, தென்கிழக்கு பார்த்து மறுபடி நட்டுவிட்டாள். டிவி, அரசாங்கம் ஓசியாகக் கொடுத்த அந்தக் காலத்துப் பெட்டி. அதுவும் சாகவில்லை.

எல்லாம் சாயங்காலம் ஆறரை மணிக்கு வருகிற ஒரு தொடருக்காக. மலைமேல் ஒரு பங்களா, அதில் பெரிய கொண்டை போட்ட ஒரு அம்மா, ஒரு இளம் டாக்டர், அவனைப் பார்த்து அழுகிற ஒரு நர்சுப் பெண். 'தேயிலைத் தோட்டத்துக் கதை' என்று தெருவில் பேர். அதைப் பார்த்தவள் அம்சம் ஒருத்தி. கேட்டவர்கள் ஊர் முழுக்க. மறுநாள் காலையில் நூறு நாள் வேலைக்கு வாய்க்கால் கரையில் கூடினால், புளியமர நிழலில் நல்ல இடம் அம்சத்துக்கு. முதல் டீ அம்சத்துக்கு. அவள் கையில் மண்வெட்டி இருந்தால் யாராவது வாங்கிக்கொள்வார்கள்: "நீ உக்காந்து சொல்லுக்கா, உன் பங்கை நான் வெட்டிடுறேன்." ஒன்றே கால் வருஷமாக அவள் ஒரு கூடை மண் தூக்கியதில்லை.

ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அந்தத் தொடர் சிங்களம். அம்சத்துக்குச் சிங்களத்தில் ஒரு சொல் தெரியாது.

முதல் வாரம் சும்மா முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாரம் முகங்களே கதை சொல்ல ஆரம்பித்துவிட்டன. கொண்டைக்காரி உதட்டைக் கடித்தால் அது சொத்து விவகாரம். டாக்டர் ஜன்னலருகே போய் நின்றால் அது காதல். முப்பது வருஷமாக ஊர்க்காரர்கள் மூஞ்சியைப் படித்துப் பழகிய கண். அக்கரைக்காரர்கள் மூஞ்சி மட்டும் என்ன வேறு மையிலா எழுதியிருக்கும்? எதிர்வீட்டுச் செவ்வந்தி மாதிரி யாராவது கூட உட்கார்ந்து பார்க்க வந்தால் வாசலிலேயே தடுத்துவிடுவாள். "உள்ள வராதே செவ்வந்தி! ஆள் நடமாடுனா படம் போயிடும்." அது பொய்யும் இல்லை. அந்த அளவுக்கு மெலிந்துபோய் வருகிற படம். பூனை குறுக்கே போனால்கூடப் புள்ளி புள்ளியாகிவிடும்.

இப்போது அந்தப் படத்துக்கு நேர் தென்கிழக்கில் குழந்தைராஜ் மாடி எழுப்பினார். சுவர் இடுப்பளவு வந்தபோதே டாக்டருக்குத் தலை தெரியவில்லை.

சண்டையை நிறுத்தியது குழந்தைராஜின் மகள் சான்ட்ரா. திருத்துறைப்பூண்டியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிற பெண், எதற்கும் பதறாது. "அத்தை, எதுக்குக் கத்துறீங்க? சுவர் மறைச்சா என்ன, ஆன்டெனாவைத் தூக்கி எங்க மாடி மேலயே வெச்சிருவோம். இன்னும் இருபதடி உசரம் கிடைக்கும். வயரை உங்க வீட்டுக்கு இழுத்துக்கலாம். படம் கண்ணாடி மாதிரி வரும்."

"அதான் சரி," என்று இனியவன் அவசரமாகச் சொன்னான். அம்சத்தின் ஒரே மகன். மின்சார வாரியத்தில் கம்பம் ஏறுகிறவன். ஆன்டெனா திருப்புவதும் அவன் பாடு.

ஆன்டெனா திருப்புவதற்கு மூன்று பேர் வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கமாகியிருந்தது. மகன் கூரைமேல். அம்மா உள்ளே டிவி முன்னால். நடுவில், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சான்ட்ரா.

"வந்துச்சுடா! ஐயோ போச்சு!"

"அத்தை போச்சுங்குறாங்க. கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க."

"எந்தப் பக்கம்?"

"நான் இருக்குற பக்கம்."

ஐந்து நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகும். கடல்காத்து சரியில்லை என்று அம்சம் நினைத்துக்கொள்வாள். காத்தெல்லாம் நன்றாகத்தான் இருந்தது என்பது மணல்கட்டளையில் அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

மாடி முடிந்தது. ஆன்டெனா ஏறியது. சான்ட்ரா சொன்னபடியே படம் கண்ணாடி மாதிரி வந்தது. டாக்டருக்கு மூக்கோரம் ஒரு மச்சம் இருப்பதையே அம்சம் அன்றைக்குத்தான் பார்த்தாள். சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

"தங்கச்சி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்ச் சாமியார் வந்து வீடு மந்திரிக்கிறார்," என்று குழந்தைராஜ் வந்து அழைத்தார். கோபமெல்லாம் சிமெண்டோடு காய்ந்துவிட்டிருந்தது. "மந்திரிப்பு முடிஞ்சதும் சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன்னாடி மாடி ஹால்ல உன் தேயிலைத் தோட்டம். அம்பத்தஞ்சு இஞ்ச் டிவி. வெள்ளிக்கிழமை கதையில ரகசியம் உடையுதுன்னு நீயே சொல்லியிருக்கியாமே? செவ்வந்தி தெருவையே கூட்டிட்டா."

அம்சம் அண்ணாந்து வயரைப் பார்த்தாள். "உங்க வீட்டுக்கு எதுக்குண்ணே வயரு? என் வீட்டுக்குத்தானே…"

"உன் மகன்தான் ரெண்டாப் பிரிச்சுக் கொடுத்தான். தங்கமான புள்ள."

தங்கமான பிள்ளையை அன்றைக்கு அடுப்படியில் மடக்கினாள். அந்த வீட்டில் சிங்கள விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று இனியவன். இன்னொன்று புருஷன் இராஜாங்கம். அவர் வாயைத் திறப்பது சாப்பாட்டுக்கு மட்டும் என்பதால் அவரால் ஆபத்தில்லை.

"டேய், வெள்ளிக்கிழமை ஒருநாள் மட்டும் அந்த ஆன்டெனாவை வடக்கால திருப்பி விட்டுரு. மழையில பழுதாயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"முடியாதும்மா. படம் சுத்தமா வரும்னு மாமாகிட்ட வாக்குக் கொடுத்துட்டேன்."

"நான் வாய்க்கால்ல மண்ணு சுமக்கணும்டா! ஊரே காறித் துப்பும்! பெத்தவளைவிட உனக்கு மாமா பெருசாப் போயிட்டாரா?"

இனியவன் காதுமடல் சிவக்க வெளியே போனான். இன்னொருத்தர் மகனாக இருந்தால் அந்தக் காதுமடலை வைத்தே அம்சம் நாலு நாளைக்குக் கதை சொல்லியிருப்பாள். தன் மகன் என்பதால் வெயில் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்து ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். மாடி ஹாலில் புதுப்பாயில் தெருவே உட்கார்ந்திருந்தது. கோயில் கொடைக்கும் மாதா தேருக்கும் ஒன்றாகவே பந்தியில் உட்காருகிற தெரு அது. டிவிக்கு மட்டும் பிரிந்தா உட்காரும்? அம்சத்தை முன்வரிசையில் இழுத்து உட்கார வைத்தாள் செவ்வந்தி. மணி ஆறரை. பாட்டு போயிற்று. பங்களா வந்தது. கொண்டைக்காரி வந்து, ஒரு நிமிஷம் நிறுத்தாமல் பேசினாள்.

ஹாலில் ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏன்டி அம்சம்," என்றாள் செவ்வந்தி, மெதுவாக. "இவ என்ன பாஷை பேசுறா?"

"சிங்களம்," என்றது யாரோ ஒரு வாண்டு.

"நீ தமிழ்ல இல்ல சொன்னே? ஒவ்வொரு வசனமும் சொன்னியே!" செவ்வந்தி திரும்பினாள். "குழந்தைராஜண்ணே, குவைத்துல உங்க ரூம்ல சிலோன்காரங்க இருந்தாங்கன்னு சொல்லுவீங்களே. உங்களுக்குப் புரியுமே? இவ சொன்னதுதான் இதுல வருதா, கேட்டுச் சொல்லுங்க."

அம்சம் நிமிர்ந்து குழந்தைராஜைப் பார்த்தாள். இரண்டு மாசம் முன்னால் தெருவில் வைத்து இந்த மனுஷனை என்னென்ன பேசினோம் என்பது வரிசையாக ஞாபகம் வந்தது. குழந்தைராஜ் டிவியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு அம்சத்தின் முகத்தைப் பார்த்தார்.

"எனக்குச் சோறு, தண்ணி, சிமெண்டு, இந்த மூணுக்குத்தான் சிங்களத்துல பேரு தெரியும்," என்றார். "தங்கச்சிக்குத்தான் பழக்கம். எந்திரிச்சு நின்னு சொல்லும்மா. எல்லாருக்கும் விளங்கட்டும்."

அம்சம் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். முதல் வசனத்தை வாய்க்குள்ளேயே சொன்னாள். கொண்டைக்காரி இரண்டு பேச்சு பேசியதும் சரியாகிவிட்டது. ரயிலடி வந்தது. டாக்டர் ஓடி வந்தான். நர்சுப் பெண் பெட்டியைக் கீழே போட்டாள். ஹாலில் மூக்குறிஞ்சுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"டாக்டர் சொல்றான், 'இத்தன நாளா உன்கிட்ட சொல்லாம மறைச்சுட்டேன்.' அவ சொல்றா, 'எனக்குத் தெரியும். உங்க மூஞ்சியிலயே எழுதியிருக்கு…'"

கேட்கிறவர்கள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் திரும்பினாள். எல்லோரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இரண்டு பேரைத் தவிர. மாடிப்படி முனையில் இனியவன், கையில் ஸ்பேனரோடு. எதிரே சான்ட்ரா, சர்பத் தட்டோடு. தட்டு சாய்ந்து சர்பத் சொட்டுவது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. டிவியில் இருந்த அதே இரண்டு முகம்.

படித்துவிட்டாள். படித்ததை வாய் சொல்லியும் விட்டது. அந்த வாய்க்கு நிறுத்திப் பழக்கமில்லை.

"'எங்கம்மா ஊர்க் கதையெல்லாம் சொல்லுவாங்க. சொந்த வீட்டுக் கதை மட்டும் அவங்க கண்ணுக்குத் தெரியாது. ஆன்டெனா திருப்புறேன், ஆன்டெனா திருப்புறேன்னு…'" நிறுத்தினாள். "அடப்பாவி!"

தெருவே திரும்பிப் படியைப் பார்த்தது. தட்டு விழுந்தது.

"அப்பாடா!" என்றாள் செவ்வந்தி. "இப்பவாவது இந்த எபிசோடுக்கு வந்து சேர்ந்தியே! நாங்க எட்டு மாசமாப் பார்த்துக்கிட்டிருக்கோம்!"

குழந்தைராஜ் எழுந்து நின்றார். "இது டிவியில வருதா, என் வீட்டுல வருதா?"

"ரெண்டுலயும்தாண்ணே," என்றாள் அம்சம்.

கத்துவதற்குத்தான் எழுந்தார். எந்தப் பக்கம் பார்த்துக் கத்துவது என்று தெரியாமல் மகளைப் பார்த்தார். சான்ட்ரா தலை குனியவில்லை, பதறவுமில்லை. தலைக்கு மேலே கண்ணாடி மாதிரி படம் தரும் ஆன்டெனாவின் வயரைப் பார்த்தார். கடைசியில் அம்சத்தைப் பார்த்தார். "முப்பது வருஷமா அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டே முறையை வளர்த்து வெச்சிருக்க. அப்புறம் நான் எங்கேருந்து இல்லேங்கிறது?"

மூலையில் பந்திக்காகக் காத்திருந்த இராஜாங்கம் அன்றைக்கு வாயைத் திறந்தார். "அப்ப இனிமே மாடியை இடிக்க வேணாம்ல?"

சம்பா அறுப்பு முடிந்து கல்யாணம். காலையில் மாதா கோயிலில் சாமியார் முன்னால் தாலி, சாயங்காலம் குலசாமிக்குப் பொங்கல். பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டே குழந்தைராஜ் அம்சத்தின் காதோரம் குனிந்தார். "சம்பந்தி, இப்பச் சொன்னா ஒண்ணும் ஆகாது. அந்த டாக்டரும் நர்சும் காதலர் இல்ல. சின்ன வயசுல பிரிஞ்சுபோன அண்ணன் தங்கச்சி."

அம்சம் பாயசத்தை ஒரு மடக்குக் குடித்தாள். "அப்படின்னா கதை எழுதினவன் தப்பா எழுதியிருக்கான், அண்ணே. மூஞ்சி அப்படிச் சொல்லலை."

இனியவனுக்கு மயிலாடுதுறைக்கு மாற்றல் வந்தது. சான்ட்ராவும் அங்கேயே ஒரு லேபில் சேர்ந்துகொண்டாள். அம்சம் போனால் இரண்டு நாளுக்கு மேல் தங்குவதில்லை, அந்த ஊரில் சிலோன் டிவி எடுக்காது என்பதால். செவ்வந்தி மகனோடு திருப்பூர் போய்விட்டாள். கதை கேட்கக் காலையில் டீ நேரத்துக்குப் போன் பண்ணுவாள், இங்கே யாராவது ஸ்பீக்கரில் போட்டுப் புளியமரத்தடியில் வைப்பார்கள். தேயிலைத் தோட்டம் முடிந்து இப்போது மீன்பிடிக் கிராமத்துத் தொடர் ஒன்று ஓடுகிறது. ஆறரை மணிக்கு மாடி ஹாலில் சம்பந்திகள் இரண்டு பேரும் உட்காருகிறார்கள். அம்சம் கதை சொல்வாள். மிகவும் தப்பிப் போகிற இடத்தில் குழந்தைராஜ் லேசாக இருமுவார். அவள் அதைக் கண்டுகொள்வதில்லை.