இருக்கைக்கு அடியில் ஒரு கம்பி

டிராக்டருக்குப் பின்னால் மாட்ட ஒரு பழைய புல்வெட்டியை வாங்கிவந்து இறக்கியதிலிருந்து இவருக்கு வாய் ஓயவில்லை. இவர் என்றால் என் வீட்டுக்காரர். தகரக் கொட்டகை வாசலில் நாற்காலியைப் போட்டு, இடது காலை ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டு என்னை ஏவுவதுதான் அன்றைக்கு இவருக்கு வேலை. கிரீஸ் வை, பிளேடு போல்ட்டை ஆட்டிப் பாரு, கியர்பாக்ஸில் எண்ணெய் இருக்கா பாரு. இரண்டு மாதமாகச் சமையல், கட்டு மாற்றுவது, ஆஸ்பத்திரி என்று அலைந்து எனக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. அதற்குமேல் இது வேறு.

"எனக்கு இருக்கறது ரெண்டு கைதாங்க," என்றேன்.

"ரெண்டுமே இப்ப சும்மாதானே இருக்கு?"

வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பேன். என் கண்ணெல்லாம் டிராக்டர் இருக்கைமேல் இருந்தது. அதற்கு அடியில் ஒரு கம்பித் துண்டு இருக்கிறது. இவர் பார்ப்பதற்குள் அதை எடுத்துவிட வேண்டும்.

எங்களுடையது சின்ன டிராக்டர். பின்னால் புல்வெட்டி சுற்றிக்கொண்டிருக்கும்போது ஓட்டுகிறவர் இருக்கையை விட்டு எழுந்தால் என்ஜின் தானாக நின்றுவிடும். அதற்கென்று இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச். இவர் தன் அக்காவின் ஆபரேஷனுக்கென்று நான்கு நாள் போயிருந்தபோது, பள்ளிக்கூட மைதானத்தில் புல் வெட்டியது நான். நானோ ஒல்லிக்குச்சி. ஒவ்வொரு மேட்டிலும் உடம்பு ஒரு துள்ளு துள்ளும், என்ஜின் பொசுக்கென்று அணைந்துவிடும். பத்து தடவை பொறுத்தேன். அடுத்த தடவை எரிச்சல் தலைக்கேறி, சுவிட்சுக்குப் போகிற இரண்டு ஒயரையும் ஒரு கம்பியால் சேர்த்து முறுக்கிவிட்டேன். அப்புறம் ஒரு தொல்லையும் இல்லை. வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றிருந்தேன். மறந்தே போனேன்.

மூன்றாவது வாரம் அதே மைதானத்தில், புல் மறைத்திருந்த குழியில் சக்கரம் இறங்கி, இவர் தூக்கி எறியப்பட்டார். என்ஜின் நிற்கவில்லை. புல்வெட்டியின் ஓரம் இவருடைய இடது காலின் மூன்று விரல்களைக் கொண்டுபோனது. ஆளில்லாத வண்டி வளைந்து போய்ப் பின்பக்கம் மதிலில் மோதி, அப்போதிருந்த புல்வெட்டியும் நொறுங்கியது.

"என் தம்பிக்கு எப்பவும் அவசரம். கவனமா ஓட்டியிருக்க வேணாமா?" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நாத்தனார் சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். பாவி, வாயைத் திறக்கவில்லை.

டிராக்டர் இத்தனை நாளும் பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் பூட்டிக் கிடந்தது. நேற்றுச் சாயங்காலம்தான் புல்வெட்டி வந்த லாரியிலேயே வந்து சேர்ந்தது. வந்ததிலிருந்து இவர் அதன் பக்கத்தைவிட்டு நகர்ந்தால்தானே? ராத்திரி கொட்டகைச் சாவியும் இவரிடம்தான்.

"உள்ள போய் மாத்திரை போட்டுக்கிட்டு வாங்களேன்."

"பாக்கெட்லயே இருக்கு."

"கொஞ்சம் படுங்க. கால் வீங்கப்போகுது."

"படுத்துப் படுத்து முதுகுதான் வீங்கியிருக்கு. நீ அந்த ஷாஃப்டை எடு."

டிராக்டரின் சுழற்சியைப் புல்வெட்டிக்குக் கொண்டுபோகிற ஷாஃப்ட் அது. முன்பு வைத்திருந்தவர் பெரிய டிராக்டரில் மாட்டியிருக்கிறார். எங்களுடையதற்கு நீளம் அதிகம். புல்வெட்டியைத் தரையில் வைத்தபடியே நான் டேப்பை நீட்டினேன்.

"தரையில வச்சு அளக்காத. தூக்கி, ஷாஃப்ட் மாட்டற ரெண்டு முனையும் நேருக்கு நேரா வர்ற மாதிரி வச்சு அள. அப்பத்தான் இடைவெளி ரொம்பக் கம்மி. நீளமா விட்டா தூக்கும்போது இடிச்சு கியர்பாக்ஸையே பிளந்துடும்."

ஏறி உட்கார்ந்து, என்ஜினைப் போட்டு, புல்வெட்டியைத் தூக்கி, அணைத்துவிட்டு இறங்கி, அடியில் கட்டையை அண்டக் கொடுத்தேன். அளந்தேன். உள்குழாயிலும் வெளிக்குழாயிலும் ஒரே அளவு அறுக்க வேண்டும். ஆக்ஸா பிளேடு இரண்டு உடைந்தது. கை மரத்துப்போய், பிசிறை அரம் வைத்துத் தேய்த்து முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

மாட்டப்போனேன். "இரு," என்றார். "அதை மாட்டாத. முதல்ல ஏறி ஸ்டார்ட் பண்ணு. பின்னாடி சுத்த விட்டுட்டு, எந்திரி."

"எதுக்குங்க?"

"என்ஜின் நிக்குதான்னு பார்க்கணும். நிக்கலன்னா வித்துடலாம். எனக்கு பயமா இருக்கு. நான் ஏற மாட்டேன், உன்னையும் ஏத்த மாட்டேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பயம் என்று இவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஏறினேன். சுவிட்ச் கெட்டுவிட்டது, புதுசு போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னால் நம்பிவிடுவார். கதை அதோடு முடியும். அப்படித்தான் நினைத்துக்கொண்டு, பின்னால் சுழல விடுகிற நெம்புகோலைத் தள்ளி, எழுந்து நின்றேன். என்ஜின் தன்பாட்டுக்கு ஓடியது.

"பார்த்தியா?" இவர் குரல் உடைந்தது. "அக்கா சொன்னது சரியோ, நான்தான் ஒழுங்கா ஓட்டலையோன்னு ரெண்டு மாசமா மண்டையைக் குடைஞ்சுக்கிட்டு இருந்தேன்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. என்ஜினை அணைத்து, இறங்கி, இருக்கையைத் தூக்கிப் பிடித்தேன். "வந்து பாருங்க."

கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். கம்பியைப் பார்த்தார்.

"நான்தாங்க கட்டினேன். நீங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப. என் எடைக்கு நின்னு நின்னு போச்சு. அவிழ்க்க மறந்துட்டேன்."

"எப்ப ஞாபகம் வந்துது?"

"உங்களுக்கு முதல் கட்டு அவிழ்த்த அன்னைக்கு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நெஞ்சு கொஞ்சம் லேசாகியிருக்கும். இவர் கையை மட்டும் நீட்டினார். குறட்டைக் கொடுத்தேன். முறுக்கைத் தானே பிரித்து எடுத்தார். பிறகு கோலைச் சக்கரத்தில் சாய்த்துவிட்டு ஏறப்போனார். தாங்கப்போன என் கையை விலக்கிவிட்டு ஏறினார்.

சாவியைத் திருகினார். நெம்புகோலைத் தள்ளினார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருக்கையிலிருந்து எழுந்தார். என்ஜின் அந்தக் கணமே நின்றது.

உட்கார்ந்து மறுபடியும் ஸ்டார்ட் செய்தார், எழுந்தார். நின்றது. மூன்றாவது தடவையும் நின்றது. என் பக்கம் திரும்பவே இல்லை.

"போதுங்க," என்றேன். "கால் வலிக்கும், இறங்குங்க."

"அன்னைக்கும் இப்படித்தான் நின்னிருக்கும்," என்றார் மெதுவாக. திரும்பவும் உட்கார்ந்து சாவியைத் திருகினார்.