இயேசு டேப்

"இன்னொரு தடவ அணைஞ்சுதுன்னா நானே இதக் கொளுத்திருவேன்," என்று சொல்லிக்கொண்டே ஹில்க்கா மறுபடியும் சாவியைத் திருப்பினாள். பின்பக்கம் நீண்ட, அப்பாவின் பழைய கார் உறுமியது, தணிந்தது, மறுபடி எகிறியது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் நின்றே போனது.

ஒரு மணிக்கு அடக்கம். ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் பெட்டிக்குள் அப்பா தவெத்தி காத்திருக்கிறார். சொந்த வண்டியில் பெட்டியை ஏற்றி, வீட்டு முற்றத்தில் சற்று நிறுத்தி, கடைசியாக வீட்டைக் காட்டிவிட்டுத்தான் தேவாலயத்துக்குக் கொண்டுபோவார்கள். "கண்டவன் வண்டியில என்னை ஏத்திராத," என்று அப்பா கேட்டிருந்தார். அந்த மனிதர் வாழ்நாளில் அவளிடம் கேட்டது அது ஒன்றுதான்.

பக்கத்து வீட்டு ரைமோ போனை மூடிவிட்டு வந்தார். "டவுன் சவ வண்டி நாளைக்குத்தானாம். பாதிரியாரும் நாளைக்கு இல்ல. உங்கப்பனுக்குக் கிளம்ப மனசில்ல போல."

"மாமா, சும்மா இருங்க."

"இருக்கேன். பிளக் மாத்தினியா?"

"மாத்திட்டேன். காத்து போற வாயைக் கழட்டித் தொடச்சேன். நேத்து வரைக்கும் ஒழுங்கா ஓடின வண்டி மாமா இது."

அப்பாவிடம் கேட்டால் உடனே சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். ஸ்பானரைப் பனியில் வீசி எறிந்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரைமோ போய் ஸ்பானரைப் பொறுக்கி வந்து நீட்டினார்.

"நீங்க ஏறி ஆக்ஸிலேட்டர லேசா மிதிச்சுக்கிட்டு இருங்க. நான் கேக்குறேன்."

ஒரு ரப்பர் குழாய்த் துண்டைக் காதில் வைத்து, மறுமுனையை என்ஜினைச் சுற்றி நகர்த்தினாள். ஓரிடத்தில் உஸ் என்று காற்று இழுத்தது. அடியில் ஓடிய கறுப்புக் குழாயை விரலால் நசுக்கினாள். என்ஜின் உடனே சீராக ஓடியது. விரலை எடுத்தாள், பழையபடி தள்ளாடியது.

குழாயில் ஒரு வெடிப்பு. அதைச் சுற்றிப் பசைத் தடம். அப்பா எதையோ சுற்றி ஒட்டியிருந்திருக்கிறார். என்ஜின் முழுவதும் பைன் சோப்பு மணத்தது.

அம்மா எல்வி கறுப்பு உடையில் வாசற்படியில் நின்றாள்.

"அம்மா, நேத்து என்ஜினத் தொடச்சியா?"

"பின்ன? அழுக்கு வண்டியிலயா அவர அனுப்புறது? ஒரு குழாயில கந்தல் மாதிரி ஒண்ணு, கருகருன்னு ஒட்டிக்கிட்டுக் கெடந்துது. பிச்சு எடுக்கவே பெரும்பாடு. ஏன்டி, தப்பா?"

ரைமோ தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லம்மா. அழுக்குதான் அது."

அப்பாவின் அலமாரியில் அகலமான சாம்பல் நிற டேப் இருந்தது. செத்ததையும் எழுப்பிவிடும் என்பதால் ஊரில் அதற்கு இயேசு டேப் என்று பேர். ஹில்க்கா குழாயை இறுக்கிச் சுற்றினாள். என்ஜின் ஒரே சீராக ஓடியது.

ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியோடு திரும்பி முற்றத்தில் நிறுத்தியபோதும் அது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. முன்சீட்டில் இருந்த அம்மா, "நிறுத்துடி. நின்ன வண்டியில பெட்ரோல் எரிச்சா கத்துவாரு," என்றாள்.

மறுபடி கிளம்பாவிட்டால்? இருந்தாலும் ஹில்க்கா அணைத்தாள். கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

அம்மா வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் பிச்சது அழுக்கில்ல. அப்படித்தான?"

ஹில்க்கா சாவியைத் திருப்பினாள். கார் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.

அம்மா கையுறையைக் கழற்றியிருந்தாள். எந்தச் சோப்புக்கும் போகாத, பழைய டேப்பின் கறுப்புப் பசை கட்டைவிரலில் ஒட்டியிருந்தது. கைக்குட்டையால் அதைத் தேய்த்துக்கொண்டே வந்தவள், சாலை திரும்பும் இடத்தில் தேய்ப்பதை விட்டுவிட்டு, அதன் மேலேயே கையுறையை மாட்டிக்கொண்டாள்.