மாப்பிள்ளைக் காருக்கு ஜீப் சக்கரம்

கல்யாண மாப்பிள்ளையைப் போல ஒரு வாயில்லாப் பிராணி இந்த உலகத்தில் கிடையாது. மாட்டுக்காவது கத்த உரிமை உண்டு. மாப்பிள்ளை தும்மினால்கூட அது பெண் வீட்டார்மேல் குறை என்று ஆகிவிடும். அறுபத்தெட்டாம் வருஷம் வைகாசியில், பிள்ளையார்பாளையத்தில் பெண் எடுத்தபோது எனக்கு இது நன்றாக விளங்கியது.

நாங்கள் நயினார்கள், தமிழ்ச் சமணர். சொந்த ஊர் கரந்தை, எனக்கு உத்தியோகம் மெட்ராஸில் ஒரு பாங்கில். கார் என்றால் பைத்தியம். சோழவரத்தில் பந்தயம் நடந்தால் லீவு போட்டுவிட்டுப் போய் வெயிலில் நிற்பேன். யாரோ இதைப் பெண் வீட்டில் சொல்லிவைக்க, பெண்ணின் அண்ணன் தர்மதாஸ் மாப்பிள்ளை அழைப்புக்கென்று ஒரு பட்டுக்கடைக்காரரிடம் திறந்த ஸ்போர்ட்ஸ் காரை இரவல் வாங்கியிருந்தார். சிவப்பு நிறம், இரண்டே சீட், தரையோடு தரையாக ஓடும் இங்கிலீஷ் வண்டி. சேதி கேட்டதிலிருந்து கல்யாணப் பெண்ணைவிட அந்த வண்டிதான் என் கனவில் வந்தது. பொய் சொல்வானேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் மாலை திருப்பருத்திக்குன்றம் கோயிலில் தரிசனம் முடித்து வெளியே வந்தேன். வண்டி நின்றுகொண்டிருந்தது, ஆனால் முழங்கால் உயரத்துக்கு எம்பிக்கொண்டு. நான்கு பக்கமும் ஜீப் சக்கரங்கள்! மட்கார்டைத் தட்டி வளைத்து, லேத்துப் பட்டறையில் துளை மாற்றி எப்படியோ மாட்டியிருந்தார்கள்.

"மச்சான், இன்னாது இது?" என்றேன்.

"உங்க அத்தைதாம்பா சொன்னாங்க," என்றார் தர்மதாஸ் பெருமையாக. "இம்மாந் தாழ்வான வண்டியில ஒக்காந்தா மாப்பிள்ள தெருவுல ஒக்காந்தாப்பல இருக்கும்னாங்க. அதான் ஒசத்திட்டேன். இப்ப பாருங்க, ராஜா மாதிரி இருக்குது!"

தயாவதி அத்தை என்னை வளர்த்தவள். அவள் வாயிலிருந்து ஒன்று வந்துவிட்டால் அது கல்வெட்டு.

சின்னச் சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றிக் கடக்கிற தூரத்தைப் பெரிய சக்கரம் ஒன்றரைச் சுற்றிலேயே கடந்துவிடும். லாபம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த ஒன்றரைச் சுற்றைச் சுற்றவைக்க எஞ்சினுக்குத் தெம்பு வேண்டும், அதிலும் சக்கரமே கனம் என்றால் கேட்கவே வேண்டாம். கிணற்றில் கவலை இறைக்கிற மாடு அதேதான், தண்ணீர் மொள்ளும் தோல் சால் மட்டும் இரண்டு மடங்கு பெரிதானால் என்ன ஆகும்? கிளம்பும்போது முக்கும், மேட்டில் மூச்சு வாங்கும், பிரேக்கும் பிடிக்காது. போதாக்குறைக்கு இது ஊர்வலம். நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகத்தில் போகவேண்டுமென்றால் கிளட்ச்சை அரை மிதியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே போகவேண்டும்.

"சக்கரம் சரியில்ல மச்சான், மாத்திடலாம்," என்று மெதுவாகத்தான் சொன்னேன்.

"மாப்பிள்ளைக்குக் கார் புடிக்கலையாம்!" என்று எவனோ கூவினான். அவ்வளவுதான். என் மாமனார் அப்பாண்டை நயினார், வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்து அத்தை முன்னால் கைகட்டி நின்றார். "ஏதாச்சும் கொறையிருந்தா பொறுத்துக்கணும்மா." அறுபது வயது மனிதர். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒன்றுமில்லை மாமா என்று சொல்லி, ஏறி, பின்னால் மடித்திருந்த கூரைமேல் உட்கார்ந்தேன்.

வண்டி கிளம்பும் நேரத்தில் தர்மதாஸ் குனிந்து என் காதில் சொன்னார்: "தங்கச்சி மதனவதி நேத்து அஷ்டமிக்கு உபவாசம். காலையிலயே சாப்புட்டுப் பாரணை முடிச்சிருக்கணும். மாப்பிள்ள எலையில ஒக்காந்தப்புறந்தான் பொண்ணு வாயில வெக்கணும்னு உங்க அத்தை சொல்லிட்டாங்களா, அதான் காத்துக்கினு இருக்குது. வெளிச்சம் போறதுக்குள்ள போயிடலாம், பக்கந்தானே?"

பொழுது சாய்ந்துவிட்டால் நாங்கள் சாப்பிடுவதில்லை. நோன்பிருப்பவர்களுக்குத் தண்ணீரும் கிடையாது. நேற்று முழுக்கப் பட்டினி, இன்றைக்கும் இதுவரை பட்டினி. நான் போய்ச் சேராவிட்டால் அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஒரு ராத்திரி.

வெயில் என் முதுகில் அடித்தது. என் நிழல் வண்டியின் மூக்குவரை விழுந்திருந்தது. டிரைவர் மயில்வாகனம் கிளட்ச்சை விட்டுவிட்டுப் பிடிக்க, வண்டி குலுங்கிக் குலுங்கி நகர்ந்தது. மூலைக்கு மூலை நாதஸ்வரக்காரர் நின்று ஓர் ஆலாபனை எடுத்தார். என்ன ராகமோ, எமனுடைய ராகம். நிழல் நீண்டு முன்னால் போகிற பாண்டுக்காரன் காலைத் தொட்டது.

வேகவதி ஆற்றின் தரைப்பாலம் தாண்டியதும் மேடு. பழைய சக்கரமாக இருந்தால் அந்த வண்டி அதை மேடு என்றே மதித்திருக்காது. இப்போது பாதியில் உறுமியது, நின்றது, பின்னால் உருண்டது. பிரேக்கை மிதித்தும் நிற்கவில்லை. நாலைந்து பேர் தாங்கிப் பிடித்து டயருக்குக் கல் வைத்தார்கள். கருகிய நாற்றம் குப்பென்று வந்தது.

"கிளட்ச் பூடுச்சு சார்," என்றான் மயில்வாகனம், திரும்பிப் பார்க்காமலே.

என் நிழல் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. நான் ஒரு காலைத் தூக்கி வெளியே போட்டேன். மேடேறினால் நாலு தெரு, ஓடினால் போய்விடலாம்.

"ஐயையோ! மாப்பிள்ள நடந்து போறதா?" என்று அத்தை அலறினாள். "ஒரு வண்டி வெக்க வக்கில்லன்னு பொண்ணு வீட்ட ஊரு காறித் துப்பாதா?"

அத்தையைக்கூட நான் மீறியிருப்பேன். மாமனார் வந்து என் காலையே பிடித்துக்கொண்டார். "வேணாம் மாப்பிள்ள. என் மானத்தக் காப்பாத்துங்க. ஒக்காருங்க, தள்ளிக்கினு போயிடலாம்."

"மாமா, மதனவதி..."

"அது பொறுத்துக்கும்பா. சின்ன வயசுலேர்ந்து பழக்கம்."

காலை உள்ளே எடுத்துக்கொண்டேன். தறியிலிருந்து எழுந்துவந்த நெசவாளர்களும் சேர்ந்து கைகொடுத்தார்கள். அந்தச் சனியன் பிடித்த சக்கரங்கள் முழத்துக்கு முழம் அடம்பிடித்தன. நான் மாலையும் கழுத்துமாக உயரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஊரே என்னைப் பார்த்தது. ராஜா மாதிரிதான் இருந்திருப்பேன். அழுகையை அடக்கிக்கொண்டு முன்னால் பார்த்தபோது நிழலைக் காணோம்.

வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். உள்ளே, போட்ட இலைகளைப் போட்டபடியே சுருட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைக் குறைசொல்லவில்லை. மாப்பிள்ளை வந்த ஜோரை எல்லோரும் மெச்சினார்கள்.

மறுநாள் காலை மணையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உதடு வெடித்திருந்தது. மேளச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது என்று தெரிந்து, தலை நிமிராமல் என்னிடம் முதல்முதலாகப் பேசினாள்.

"நாலு தெருதானே? எறங்கி நடந்து வந்திருக்கலாமே."

உன் அப்பாதான் காலைப் பிடித்தார் என்று சொல்லியிருக்கலாம். தாலி கட்டப்போகிற நேரத்தில் அதை எப்படிச் சொல்வது?

"வந்திருக்கலாம்," என்றேன்.

அவள் தலையாட்டினாள். அதற்குள் தாலித் தட்டு எங்கள் முன்னால் வந்துவிட்டது.