எட்டாம் நாள் படையல்

நல்லரத்தினம் செத்து எட்டாம் நாள். அறைக்குள் வாழையிலை விரித்து, அவனுக்குப் பிடித்த இறால் பொரியலும் கணவாய்க் கறியும் படைத்து, பக்கத்தில் ஒரு சுருட்டும் வைத்தார்கள். செத்தவன் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் முற்றத்தில் போய் இருந்தார்கள்.

கதவைத் திறந்தபோது இலைக்கு முன்னால் அவனுடைய இளைய மகள் வதனி இருந்தாள். ஐந்து வயது. சோற்றில் ஈ மொய்க்காமல் கையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"அப்பா இன்னும் வரல்ல. சோறு ஆறிப் போச்சு."

செத்தவனின் அக்கா, பிள்ளைகளின் மாமி இலட்சுமிப்பிள்ளை, தலையில் அடித்துக்கொண்டாள். படையல் கெட்டுப் போயிற்றாம். தம்பி பசியோடு திரும்பிப் போயிருப்பானாம். பிள்ளையை வெளியே இழுத்து முதுகில் ஒன்று வைத்தாள்.

மூத்தவள் மங்களத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பதின்மூன்று வயது அவளுக்கு. பிள்ளை என்ன பிழை செய்தது? அப்பா கொழும்புக்கு வலை வாங்கப் போயிருக்கிறார் என்று சொன்னது மாமிதான். பிரேதம் வந்த அன்று பறைச் சத்தம் கேட்காத ஒரு வீட்டில் வதனியைக் கொண்டுபோய் விட்டதும் மாமிதான். அப்பாவுக்குப் பிடித்த கறியாகக் காய்ச்சி வைத்தால், அவர் வந்துவிட்டார் என்றுதானே பிள்ளை நினைக்கும்?

பொய் சொல்ல இராணுவ முகாம்காரர் போதாதா? விடியக்காலையில் வாவியில் வலை இழுத்த மனுசனைச் சுட்டுவிட்டு, துவக்கோடு வந்தவன் என்று எழுதிய கடதாசியில் அம்மாவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் உடலைத் தந்தார்கள். அம்மா கையெழுத்து வைத்ததை மங்களம் பக்கத்தில் நின்று பார்த்தாள். இப்போது வீட்டுக்குள்ளும் பொய்.

"அவளுக்கு ஏன் மாமி அடிக்கிறீங்க? பொய் சொன்னது நீங்க."

சின்னப் பிள்ளைக்குச் சாவைச் சொன்னால் பயந்து காய்ச்சல் வரும் என்றாள் மாமி. பெரியவர்களுக்கு வாய் காட்டுகிற பெட்டையை அதட்டச் சொல்லி அம்மாவைப் பார்த்தாள். சுவரில் சாய்ந்திருந்த அம்மா மங்களத்தை அதட்டவில்லை.

மங்களம் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வேலிப் படலையைத் தாண்டினாள். பொம்பிளைப் பிள்ளைகள் சவக்காலைக்குப் போவதில்லை என்று யாரோ பின்னால் சொன்னார்கள். அவள் நிற்கவில்லை.

வாவிக்கரைச் சவக்காலை மணலில் அப்பாவின் மேல் குவித்த மேடு இன்னும் அமுங்கவில்லை. பூமாலையெல்லாம் காய்ந்து கிடந்தது.

"அப்பா செத்திட்டார் வதனி. அவரச் சுட்டுப்போட்டாங்க. இதுக்குள்ளதான் தாட்டிருக்காங்க. இனி வரமாட்டார்."

வதனி மணலைத் தொட்டுப் பார்த்தாள். "அவருக்கு நோகுதா?"

"இல்ல. செத்தாக்களுக்கு நோகாது. பசிக்கவும் மாட்டாது."

"அப்ப ஏன் அக்கா இறால் வெச்சாங்க?"

மங்களம் மேட்டிலிருந்த காய்ந்த மாலையை ஒதுக்கி வைத்தாள். "நமக்குத்தான் அவருக்குக் குடுக்கணும் போல இரிக்கி."

வதனி அப்போதுதான் அழுதாள். மங்களமும் அழுதாள். பொழுது சாயுமட்டும் அங்கேயே இருந்தார்கள்.

திரும்பி வரும்போது படலையில் மாமி நின்றாள். அடித்த கை குறுகுறுத்திருக்க வேண்டும். வதனியைத் தூக்கிக் கண்ணைத் துடைத்து, அழாதே, அப்பா கொழும்பிலிருந்து சட்டை கொண்டுவருவார் என்றாள்.

மாமியின் முகத்தைப் பார்க்க வதனிக்குப் பாவமாக இருந்தது.

"அவர் செத்திட்டார் மாமி. சுட்டுப்போட்டாங்க. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லயா?"