யோகராணியக்கா எழுதும் முதல் வரி

கடல் கடந்து வந்து குடியேறிய மெரிலேண்ட்ஸ் பக்கத்து நகரசபையில் ஆனந்தராஜாவுக்குக் கிடைத்த வேலை, மற்றவர்கள் பேசப் பேசக் கூட்டக்குறிப்பு எழுதுவது. அவன் வாய் திறக்கக்கூடாது. யாழ்ப்பாணத்தானுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? 1976இல் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு சபையில் உட்கார்ந்திருந்தான்.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் சபையின் தாதியர் சேவையை மூடி, அந்த வேலையை ஆஸ்பத்திரியிடம் கொடுத்துவிடலாம் என்பது கவுன்சிலர் ஹாலோரனின் பிரேரணை. ஆஸ்பத்திரித் தாதி ஒரு வீட்டில் இருபது நிமிடம் நிற்பாள், புண்ணைக் கட்டுவாள், போய்விடுவாள். சபைத் தாதிகளோ முக்கால் மணி நேரம் மினக்கெடுகிறார்கள். அதிலும் சிஸ்டர் யோகராணி படுமோசம் என்பது அவர் குற்றச்சாட்டு.

யோகராணியக்கா பருத்தித்துறைக்காரி, ஐம்பது வயது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதற் கேள்வி, சாப்பிட்டாயிற்றா என்பதுதான். நம் ஆட்கள் எல்லாரும் கேட்பதுதான். பதிலை யார் காதில் வாங்குகிறோம்? அக்கா பதிலைக் கேட்பார், குசினிக்குள் அடுப்பையும் எட்டிப் பார்ப்பார், பிறகு குறிப்புத்தாளின் முதல் வரியில் அதை எழுதி வைப்பார். புண், இரத்த அழுத்தமெல்லாம் அதற்குக் கீழேதான்.

அந்தத் தாள்கள் இருந்த அலுமாரிக்கு ஆனந்தராஜாவே பொறுப்பு. கூட்டத்துக்கு முதல்நாள் அவற்றை அடுக்கும்போது ஹாலோரனின் தாயாருடைய தாள் கண்ணில் பட்டது. மகன் டெலிபோனில் கேட்கும்போதெல்லாம் வயிறாரச் சாப்பிட்டதாகச் சொல்லும் அந்த அம்மா, உண்மையில் பிஸ்கட்டும் தேநீருமாகக் கிழமைக்கணக்காகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நாளைக்குச் சபையிலை இதை வாசியுங்கோ. அந்தாள் வாயடைச்சுப் போயிடுவார்."

"விசர்க்கதை கதைக்காதையும் தம்பி. பெத்த மகனுக்குச் சொல்லாததை அந்த மனிசி என்னை நம்பிச் சொன்னவ. அதைச் சபையிலை விரிக்கச் சொல்லுறீரோ?"

"அப்ப, சேவையை மூடினா உங்கடை கிழடுகட்டையள் என்ன செய்யுங்கள்?"

அக்கா தாளைத் திருப்பி அவனிடமே நீட்டினார். முகம் வாடிப் போயிற்று. ஆனந்தராஜா விடவில்லை. அக்கா சபையில் வாசிக்கவிருந்த ஃபைலின் மேலே அந்தத் தாளைத்தான் வைத்தான்.

"டோஸ்ட்டைப் பற்றி எழுதவா இவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறோம்?" என்று சபையில் ஹாலோரன் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். மேயர் தலையசைக்க, அக்கா எழுந்து ஃபைலைத் திறந்தார். முதல் தாளைக் கண்டதும் நிமிர்ந்து ஆனந்தராஜாவைப் பார்த்தார். அவனுக்குக் காது சுட்டது. அந்தத் தாளைக் கவிழ்த்து அடியில் செருகிவிட்டு, பெயர் சொல்லாமல் இன்னொரு கிழவரின் தாளை வாசித்தார்.

"காலில் புண், ஐந்து மாதமாக ஆறவில்லை. திங்கள், பாணும் ஜாமும். செவ்வாயும் அதுவே. புதன், பசியில்லை என்றார். வியாழன், சூப் குடித்தேன் என்றார்; சட்டி காய்ந்து கிடந்தது. வெள்ளி, அலுமாரிக்குள் பதினொரு சூப் டின், ஒன்றுகூடத் திறக்கவில்லை. திறக்க விரலில் பலமில்லை, சொல்ல வெட்கம்."

தாளை மடித்தார். "பக்கத்து வீட்டுக்காரியைத் திறந்து கொடுக்கச் சொன்னேன். ஆறு வாரத்தில் புண் மூடியது. புண்ணை மட்டும் பார்த்திருந்தால் இன்றைக்கும் கட்டிக்கொண்டே இருந்திருப்பேன்."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. ஹாலோரனின் குரல் இறங்கியிருந்தது. "என் தாயாரையும் நீங்கள்தானே பார்க்கிறீர்கள்? அவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள்?"

சொல்லு அக்கா, சொல்லு என்று ஆனந்தராஜாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு வார்த்தை போதும், சேவை பிழைத்துவிடும்.

"அவர் சொன்னது அவருக்குச் சொந்தம்," என்றார் அக்கா. "அவரிடமே கேளுங்கள்."

வாக்கெடுப்பில் ஹாலோரன் தன் சொந்தப் பிரேரணைக்கே கை உயர்த்தவில்லை. அது ஒரு வாக்கால் தோற்றது. கூட்டம் முடியுமுன்னரே அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, அம்மா வீட்டுக்குப் போவதாக மேயரிடம் சொல்லிவிட்டு வெளியேறினார்.

ஆனந்தராஜாவுக்குப் பெருமையில் கண் கலங்கியது. இப்படி ஒரு மனுஷியை அவன் வாழ்நாளில் கண்டதில்லை. ஓடிப்போய் அக்காவின் முன்னால் நின்றான்.

"அக்கா, வென்றிட்டம்!"

"ஓம் தம்பி," என்று அக்கா கையை நீட்டினார். "அலுமாரித் திறப்பைத் தாரும். இனி அது என்னட்டை இருக்கட்டும்."

அவன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான்.