ஆமைக்கு எத்தனை மார்க்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. என் அக்கா போனில் புலம்பியது. அவள் ஒரு நடுநிலைப் பள்ளியில் பாட்டு டீச்சர். வாரத்துக்கு ஒரே பீரியட். அதையும் கணக்கு வாத்தியார், "பாட்டுதானே டீச்சர், எனக்குப் போர்ஷன் முடியல" என்று பாதி வாரங்களில் பிடுங்கிக்கொள்வார். மிச்சத்தில் சொல்லியும் கொடுத்து, சுருதிக்கு இத்தனை, தாளத்துக்கு இத்தனை என்று மார்க்கும் போட வேண்டுமாம்.

2

முதல் வரி: ஏழாம் வகுப்பின் ஜன்னல் வழியே இசை மழையெனப்

(வேண்டாம். படித்துக் காட்டினேன். "இசையா? ஒரு நாள் வந்து காது கொடுத்துப் பாரு, தெரியும்" என்றாள்.)

நேராகவே சொல்கிறேன். தாளத் தேர்வு. தனித்தனியாகக் கேட்க நேரமில்லை. ஐந்தைந்து பேராக நிற்கவைத்து, அக்கா கீபோர்டில் பாட்டை வாசிக்க, அவர்கள் கைதட்ட வேண்டும். கடைசிக் குழுவில் நான்கு பேர் பாட்டோடு ஒட்டித் தட்டினார்கள். ஒருத்தி மட்டும் பின்தங்கினாள். எதிலும் நிதானம் என்பதால் வகுப்பே அவளை ஆமை என்றுதான் கூப்பிடும்.

"காதைக் கழட்டி வச்சுட்டியா? மத்தவங்க கையையாவது பாரேன்!" என்று அக்காவின் அதட்டல். பத்துக்கு நால்வருக்கு ஒன்பது, ஆமைக்கு மூன்று.

ஐந்துக்குக் கீழே போனால் அடுத்த வருஷம் பாட்டு வகுப்பு கிடையாது, கூடுதல் கணக்குதான். ஆமை பள்ளிக்கு ஆசையாக வருவதே பாட்டு இருக்கும் நாளில்தான். (இது என் கைச்சரக்கு இல்லை. அக்கா சொன்னது, குரல் இறங்கி.)

3

பெற்றோர் சண்டைக்கு வந்தால் காட்டலாம் என்று தேர்வுகளை அக்கா போனில் பதிவு செய்வாள். மறுநாள் ஸ்டாஃப் ரூமில், ஒரே வேகத்தில் டக் டக்கென்று அடிக்கும் மெட்ரோனோமை ஓடவிட்டு அந்தப் பதிவைக் கேட்டிருக்கிறாள். ஆமை இம்மியும் பிசகவில்லை. தொடங்கிய வேகத்திலேயே முடித்திருக்கிறாள். ஓடியது கீபோர்டு. மணி அடித்துவிடுமே என்ற அவசரத்தில் அக்காவின் விரல் ஓட, நால்வரும் அவள் பின்னால் ஓடியிருக்கிறார்கள்.

"என் தப்புக்கு நானே ஒம்பது மார்க் போட்டிருக்கேன்டா."

இந்த இடத்தில் அக்காவின் கண் கலங்கியதாக எழுதியிருந்தேன். "நான் எப்ப அழுதேன்? பத்திக்கிட்டு வந்துச்சு, அவ்வளவுதான்" என்றாள். எடுத்துவிட்டேன்.

4

முடிவு ஒன்று: அக்கா மார்க்கைத் திருத்த, வகுப்பே எழுந்து நின்று

(சீ.)

முடிவு இரண்டு: தலைமையாசிரியையிடம் போகிறாள். உண்மையிலேயே போனாள். "கம்ப்யூட்டர்ல ஏத்தின மார்க்கை மாத்தணும்னா மறு தேர்வு வைக்கணும் டீச்சர். அதே அஞ்சு பேரு, அதே பாட்டு. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுங்க."

வைத்தாள். இம்முறை பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் வாசித்தாள். போன தடவை ஒன்பது வாங்கிய நால்வரும் பழைய தெம்பில் ஓட்டம் எடுத்தார்கள். ஆமை அவர்கள் கையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. அவளும் ஓடினாள்.

முடிந்ததும் மூச்சு வாங்கச் சிரித்தாளாம். "மிஸ், இந்தத் தடவ அவங்களை விடவே இல்ல. ஒண்ணாத் தட்டிட்டேன்ல?"

"நீ என்னக்கா சொன்னே?"

"என்னத்தச் சொல்றது? தலையாட்டினேன்."

5

இங்கே இசைக் கல்வி பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். யாருக்கு வேண்டும்?

"கதை கெடக்கட்டும்டா. இன்னும் கொஞ்ச நேரத்துல மார்க் ஏத்தணும். எத்தனை போடட்டும்?"

"பத்துப் போடு. இதுல என்ன யோசனை?"

"பத்துப் போட்டா, ஓடினதுதான் சரின்னு மனசுல பதிஞ்சிடும். 'இல்லம்மா, அன்னிக்குத் தட்டினதுதான் சரி'ன்னு சொன்னா, இனிமே நான் சொல்ற எதை அந்தப் புள்ள நம்பும்? கொறைச்சுப் போட்டா வகுப்பே போச்சு. ஏதாவது சொல்லேன்டா, எழுத்தாளரே!"

இதோ, போனை உங்களிடம் தருகிறேன். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், சீக்கிரம் சொல்லுங்கள்.